மழைக்காலத்துப் புண்கள்: பிள்ளைக் காம்பராவில் இருந்து கற்றவை

மே மாதக் கடைசியில் தென்மேற்கு மழை பிடித்தால் இலங்கை மலையகத்தில், எங்கள் பொகவந்தலாவைப் பக்கம் செப்டெம்பர் வரைக்கும் எதுவும் முழுசாகக் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்ட பள்ளிக்கூடச் சட்டை, மேசு, கம்பளி எல்லாவற்றிலும் புகை வாசத்தோடு கொஞ்சம் ஈரம் தங்கிவிடும். தோலுக்கும் அதே கதிதான். கொழுந்தெடுக்கப் போகிற பெண்களின் விரலிடுக்கு வெளுத்துப் போகும். காலில் அட்டைக்கடி ஆறாது. பிள்ளைகளுக்கு மூக்கடியில் புண் வரும். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு நான் பொறுப்பாக இருந்த காலத்தில், காலையில் தாய்மார் கையிலிருந்து பிள்ளையை வாங்கும்போதே வாயோரம், காதடி, விரலிடுக்கு எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். ஒரு பிள்ளையின் புண்ணைக் கவனிக்காமல் பாயில் படுக்கப் போட்டால் அடுத்த கிழமை பாயில் கிடக்கிற எல்லோருக்கும் இருக்கும்.

நான் வைத்தியம் படித்தவள் இல்லை. சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பதவிக்கு நீளமான பெயர் உண்டு. தாய்மாருக்கு 'காம்பரா மிஸ்'. டிஸ்பென்சரியிலும் டவுன் ஆஸ்பத்திரி வரிசையிலும் பிள்ளைகளோடு நின்று, டொக்டர்மாரையும் மிட்வைஃப் மிஸ்ஸையும் நச்சரித்துக் கேட்டு விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புண்ணுக்கு என்ன பூசுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிருமி எந்த வழியாக உள்ளே வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. பக்டீரியா நல்ல தோலைத் துளைத்துக்கொண்டு வருவது அபூர்வம். அட்டைக்கடியைச் சொறிந்த நகக்கீறல், கால்விரலிடுக்கு வெடிப்பு, அம்மைக் கொப்புளம் உடைந்த இடம் என்று அதற்கு ஒரு வாசல் வேண்டும். வாசலை அப்படியே விட்டுவிட்டு மருந்தை மட்டும் பூசினால், அடுத்த மழைக்கு அதே புண் அதே இடத்தில் வந்து நிற்கும்.

எங்களிடம் அதிகம் வந்தது பொக்குளப் புண். டொக்டர்மார் இம்பெட்டிகோ என்பார்கள். முதலில் மூக்குக்குக் கீழேயோ வாயோரத்திலோ சின்னதாகச் சிவக்கும். அதன்மேல் நீர் கோத்து, சீக்கிரமே உடைந்து, கித்துள் பாணி சிந்திக் காய்ந்த மாதிரி மஞ்சள் கலந்த பழுப்பில் பொருக்குக் கட்டும். அந்தப் பொருக்கைப் பார்த்தால் போதும், வேறு சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. சளி ஒழுகி ஒழுகி மூக்கடி பிய்ந்திருக்கும் பிள்ளைக்கு அங்கேதான் தொடங்கும். சொறிந்த விரலால் கன்னத்தைத் தொட்டால் கன்னத்தில், காதைத் தொட்டால் காதில்.

"எறும்பு கடிச்சது மிஸ்" என்பார்கள். "சூட்டுப் புண்ணு மிஸ், இளநி குடுத்தா சரியாயிரும்" என்று அம்மாயிமார் சொல்வார்கள். இளநீரால் கெடுதல் ஒன்றும் இல்லை. எங்கள் மலைக்கு அது வந்து சேரும் விலைதான் கெடுதல். ஆனால் இது சூட்டினால் வருவதில்லை. ஸ்டெஃபிலோகொக்கஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற இரண்டு பக்டீரியாக்களின் வேலை. இதில் ஸ்டெஃபிலோகொக்கஸ், சுகமாக நடமாடுகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்குக்குள்ளேயே குடியிருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரும் சவர்க்காரமும் வைத்துப் பொருக்கை ஊறவிட்டு மெதுவாக எடுப்பது. காய்ந்த பொருக்கைப் பிய்க்கக் கூடாது. பொருக்கின் மேலேயே கிறீமைப் பூசினால் அது உள்ளே போய்ச் சேராது. இரண்டு மூன்று புண் என்றால் ஃபியூசிடிக் அசிட்டோ முப்பிரோசினோ என்ற அன்டிபயோட்டிக் கிறீம் கொடுப்பார்கள். சொன்ன நாள் முழுக்கப் பூச வேண்டும். உடம்பில் பல இடத்தில் இருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ வாயால் குடிக்கும் மருந்து தேவை. நகத்தை ஒட்ட வெட்டி, துவாயைத் தனியாக்கி, மருந்து தொடங்கி இரண்டு நாளாவது பிள்ளையை வீட்டில் வைத்திருக்கச் சொல்வேன். இந்தக் கடைசிப் பேச்சுத்தான் சண்டையில் முடியும். பிள்ளையை வீட்டில் வைத்தால் தாய்க்கு அன்றைய பேர், அதாவது அந்த நாள் வேலைக் கணக்கு, போகும். பேர் போனால் சம்பளத்தில் வெட்டு. "அப்ப நீங்களே சோறு போடுங்க மிஸ்" என்று ஒரு அக்கா முகத்துக்கு நேரே சொன்னாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. அதற்குப் பிறகு, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் காம்பராவின் ஒரு மூலையில் தனிப் பாய், தனிக் கோப்பை, புண்ணை மூடிய துணி என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். புத்தகத்தில் இருக்கும் முறை அல்ல, ஆனாலும் பரவுவது குறைந்தது.

புண் ஆறிய பிறகும் ஒரு கண் வைத்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு பையனுக்குக் காலில் இருந்த புண் எல்லாம் காய்ந்து தழும்பாகி, நாங்களும் மறந்துவிட்டோம். ஒருநாள் காலையில் கண் இமை வீங்கி வந்தான். பாட்டி, "ராத்திரி ரொம்பத் தூங்கிட்டான்" என்றார். மத்தியானம் அவன் ஒன்றுக்குப் போனதைப் பார்த்த ஆயா ஓடி வந்து சொன்னாள், சாயத்தண்ணி நிறத்தில் போகிறான் என்று. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தோல் புண்ணுக்குப் பிறகு, ஏறக்குறைய 3 முதல் 6 வாரத்துக்குள் சிறுநீரகம் அழற்சி அடைவதுண்டு. அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் பொருட்கள் சிறுநீரக வடிகட்டியில் போய்ப் படிவதால் வருகிறது. காலையில் முகவீக்கம், கறுத்த சிறுநீர், போகும் அளவு குறைவது, பிரஷர் ஏறுவது இதன் அடையாளம். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே தேறிவிடுவார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பிரஷர் பார்த்துத்தான் தேற வேண்டும். அந்தப் பையனும் தேறினான்.

மருந்து பூசியும் திரும்பத் திரும்பப் புண் வருகிறது என்றால், புண்ணை விட்டுவிட்டு அரிப்பைப் பாருங்கள். ஒரு லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) மூன்று பிள்ளைகளுக்கும் மாறி மாறிப் புண். அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது தாயும் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே பேசினாள். ராத்திரியில் கூடுமா என்று கேட்டேன். "தூக்கமே இல்ல மிஸ், கம்பளிக்குள்ள போனா பிடுங்கித் திங்குது." விரலிடுக்கில், மணிக்கட்டில், தொப்புளைச் சுற்றி, பையன்களுக்குக் குறியிலும் சின்னச் சின்னப் பருக்கள். அது சிரங்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது. வைரஸும் இல்லை, பக்டீரியாவும் இல்லை. ஆனால் சொறிகிற நகம் திறந்துவிடுகிற வாசல் வழியாகத்தான் பக்டீரியா வருகிறது. 5 சதவீதப் பெர்மெத்ரின் கிறீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகத்தடி விடாமல் ராத்திரி பூசி, காலையில் குளிக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குத் தலைக்கும் பூச வேண்டுமா என்று டொக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். வீட்டில் படுக்கிற எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும், ஒரே ராத்திரியில் பூச வேண்டும். துணியையும் கம்பளியையும் கொதிநீரில் போட முடியாவிட்டால் பையில் கட்டி மூன்று நான்கு நாள் வைத்தால் போதும். மனிதத் தோலை விட்டால் அந்தப் பூச்சி அதிக நாள் தாங்காது.

இதெல்லாம் செய்தும் அந்த வீட்டில் மறுபடி வந்தது. தகப்பன் கொழும்பில் கடையில் வேலை, போயா (பௌர்ணமி) லீவுக்கு வருவான். எல்லோரும் பூசிய ராத்திரியில் அவன் இல்லை. அடுத்த லீவுக்கு அவன் கையிலேயே மருந்தைக் கொடுத்து, வீட்டுக்குள் படுக்கிறதுக்கு முந்திப் பூசச் சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. கொழும்புக்கும் கட்டுநாயக்கவுக்கும் வேலைக்குப் போய் வருகிற ஆட்கள் உள்ள வீடுகளில் இதை யோசித்தே ஆக வேண்டும். சிரங்கு போன பிறகும் இரண்டு மூன்று கிழமை அரிப்பு இருக்கும். அதற்காகத் தினம் தினம் மருந்தைப் பூசித் தோலை எரித்துவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு வருவதில் நான் மிகவும் பயப்படுவது செல்லுலைட்டிஸ், பக்டீரியா தோலின் ஆழத்தில் இறங்கிப் பரவும் வருத்தம். என் அப்பாவுக்கு வந்தது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போட்டிருந்தார். நாள் முழுக்க ஈர பூட்ஸ். சீனி வருத்தமும் (நீரிழிவும்) இருக்கிறது. கால்விரலிடுக்கில் சேற்றுப்புண் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, மழைக்காலத்தில் எல்லோருக்கும் உள்ளதுதானே என்பார். ஒரு மாலை நடுக்கம் கண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டார். காலில் ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சல் என்று பனடோல் கொடுத்துப் படுக்க வைத்தோம். விடியும்போது இடது கெண்டைக்கால் இறுகி, பளபளவென்று, தொட்டால் கை சுடுகிற அளவுக்கு இருந்தது.

இன்டர்நெட்டில் இந்த நோயைத் தேடினால் ரோஜா நிறத்தில் சிவந்த வெள்ளைக்காரர்களின் கால்தான் வரும். எங்கள் நிறத்துக் காலில் அந்தச் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அப்பாவின் கால் சிவக்கவே இல்லை. ஊதா கலந்த கறுப்பாக, மற்றக் காலைவிட ஒரு படி இருண்டிருந்தது, அவ்வளவுதான். அதனால் கண்ணை விடக் கையை நம்புங்கள். புறங்கையை இரண்டு காலிலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள்: ஒன்று சூடா, இறுக்கமா, அழுத்தினால் வலிக்கிறதா. பேனையால் வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். சில மணித்தியாலத்தில் கோட்டைத் தாண்டிவிட்டதா என்று பார்த்தால் எவ்வளவு வேகம் என்று டொக்டருக்கும் தெரியும். அப்பாவின் காலில் நான் போட்ட கோட்டை வார்டு டொக்டர் அழிக்க விடவில்லை. அதையே வைத்துத்தான் அடுத்த நாள் அளந்தார். இரண்டு காலும் ஒரேமாதிரி வீங்கி நிறம் மாறியிருந்தால் அது பெரும்பாலும் இந்த நோய் இல்லை, வேறு காரணம் தேட வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

வார்டில் நேர்ஸ் அம்மா வீங்கிய காலைப் பார்ப்பதற்கு முந்தி அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வெளுத்து ஊறி வெடித்திருந்தது. "இதான் கதவு" என்றார் உடைந்த தமிழில். நரம்பு வழியே அன்டிபயோட்டிக், காலைத் தலையணை வைத்து உயர்த்தி வைப்பது, சீனியைக் கட்டுப்படுத்துவது என்று வைத்தியம் நடந்தது. வீட்டுக்கு வரும்போது கொடுத்த மருந்துகளில், அந்த விரலிடுக்குக்கான குளோட்ரிமசோல் கிறீமும் இருந்தது. சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது. அதை ஆற்றாமல் விட்டால் செல்லுலைட்டிஸ் திரும்ப வரும்; ஒருமுறை வந்த காலில் நிணநீர் ஓட்டமும் கெட்டுப்போவதால் அடுத்த முறை இன்னும் சுலபமாக வரும். இப்போது அப்பா பூட்ஸைக் கழற்றியதும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, அடுப்படியில் கொஞ்ச நேரம் கால் நீட்டி உட்காருகிறார். சீனி உள்ளவர்கள் அடுப்புக்கு மிகக் கிட்டே நீட்டக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். இதை அவருக்குத் தினமும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தாங்க முடியாத வலி, ஆனால் தோலில் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அல்லது ஊதா, கறுப்பு நிறக் கொப்புளம், மரத்துப் போவது, மணிக்கணக்கில் பரவுவது, ஆள் பிதற்றுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தோட்ட லொறி எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. தோலுக்கு அடியில் சதையைச் சூழ்ந்த படலம் அழுகும் நோய்க்கு அறுவைச் சிகிச்சைதான் வழி. அதில் ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு.

அட்டைக்கடியைப் பற்றி வெளியூர்க்காரர்கள்தான் பயப்படுவார்கள். எங்கள் பெண்கள் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மலைக்கு ஏறுவார்கள், ஏறியதை வெற்றிலை எச்சிலைத் துப்பி விழுத்துவார்கள். அட்டையின் உமிழ்நீர் இரத்தத்தை உறைய விடாது. அதனால்தான் அது விழுந்த பிறகும் வடிந்துகொண்டே இருக்கும். நகத்தை வாய்ப்பக்கமாகத் தோலோடு ஒட்டிச் சறுக்கி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். எச்சிலும் தேயிலைத் தூளும் வேண்டாம். கடியை விட அதற்குப் பின்னால் வருகிற அரிப்பும், கொழுந்துக் கறை ஏறிய நகமும்தான் புண்ணாக்குவது.

இனி வைரஸ். நோய்க்கு நோய் வித்தியாசம் இருந்தாலும் எனக்குக் கைகொடுக்கும் ஒரு அடையாளம் உண்டு: பக்டீரியா பெரும்பாலும் ஒரு இடத்தில் தொடங்கி, அந்த இடத்தில் சூடு, வலி, சீழ் என்று ஓரத்தை நகர்த்திக்கொண்டு போகும். வைரஸ் பெரும்பாலும் காய்ச்சலோடு உடம்பெங்கும் ஒன்றாக வரும், தன் நாள் முடிந்தால் தானாகப் போகும். விதிவிலக்கும் உண்டு, அதற்கு வருகிறேன்.

கொப்புளிப்பானை, அதாவது சிக்கன்பொக்ஸை, எல்லோருக்கும் தெரியும். நெஞ்சிலும் முதுகிலும் முகத்திலும் தொடங்கும். ஒரே நேரத்தில் ஒரு இடத்தில் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் நீர்க்கொப்புளம், அதற்குப் பக்கத்தில் காய்ந்த பொருக்கு என்று எல்லாப் பருவமும் கலந்திருப்பதுதான் இதன் முத்திரை. தலைமுடிக்குள்ளும் வாய்க்குள்ளும் பாருங்கள். எங்கள் பாட்டிமார் காலத்தில் பயந்தது இதற்கு அல்ல, பெரியம்மைக்கு. தோட்ட வேலைக்கு இலங்கைக்கு வருகிறவர்களை இந்தியக் கரையில் மண்டபம் கேம்பில் அடைத்து வைத்து, அம்மை குத்தி, அதன்பிறகுதான் கப்பலேற விட்டார்கள். அந்த வட்டத் தழும்பைக் கையில் சுமந்த கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நோய் உலகத்திலேயே இல்லை என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. பயம் மட்டும் மாரியம்மன் கோயிலோடு சேர்ந்து தங்கிவிட்டது.

அம்மா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை கட்டுவதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. இந்தக் குளிருக்கு வேப்பமரம் நிற்காது, மாத்தளைப் பக்கம் போய் வருகிறவர்களிடம் சொல்லித்தான் கொத்தை வாங்க வேண்டும். அந்த அலைச்சலுக்காவது மரியாதை கொடுக்க வேண்டாமா. வேப்பிலை கட்டிய வீட்டுக்கு ஆட்கள் வராமல் இருப்பது நல்லதுதான். கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே, எல்லாக் கொப்புளமும் பொருக்குக் கட்டும் வரை தொற்றும். தொற்றியவருக்கு 10 முதல் 21 நாளுக்குள் வெளியே தெரியும். நான் மல்லுக்கட்டுவது தண்ணீருக்காகத்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரைக்கும் பிள்ளையின் உடம்பில் துணியைக்கூட நனைத்து வைக்க விடமாட்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்க்காமல் குளிப்பாட்டி ஒற்றி எடுத்தால் அரிப்பும் குறையும், கொப்புளத்தில் பக்டீரியாவும் ஏறாது. ஒரு அம்மாயியிடம், தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்துத் துடைப்போம், குளிப்பு என்று சொல்ல வேண்டாம் என்று பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன். அம்மனுக்கும் கோபமில்லை, பிள்ளைக்கும் சுகம்.

பிள்ளைகளுக்குப் பனடோல், கலமைன், நிறையக் குடிக்கக் கொடுப்பது, இவை போதும். அஸ்பிரின் கூடவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ஒரு ஆபத்து உண்டு. இப்யூபுரூஃபனும் வேண்டாம். நான்காம் ஐந்தாம் நாளில் தணிந்த காய்ச்சல் திரும்ப ஏறினாலோ, ஒரு கொப்புளம் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாகிச் சுற்றிலும் சூடாகி வலித்தாலோ, வைரஸின் பின்னால் பக்டீரியா உள்ளே வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அம்மாவின் பெயரைச் சொல்லி வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

பெரியவர்களுக்கு வந்தால் கதையே வேறு. நுரையீரலுக்குள் இறங்கலாம், புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். கொப்புளம் தெரிந்த 24 மணித்தியாலத்துக்குள் அசிக்லோவிர் என்ற வைரஸ் மருந்தைத் தொடங்கினால்தான் நல்ல பலன். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கொப்புளிப்பான்காரரோடு பழக்கம் ஏற்பட்டிருந்தால், அவளுக்கு ஒன்றும் வராவிட்டாலும் அன்றைக்கே மிட்வைஃப்புக்குச் சொல்ல வேண்டும். என் நாத்தனார் நிறைமாதத்துக்குக் கிட்ட இருந்தபோது பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு வந்தது. அவளுக்குச் சின்ன வயதில் வந்து நெற்றியில் ஒரு குழி விழுந்ததை அவள் அம்மா நாள் நட்சத்திரத்தோடு சொன்னார்; அதைக் கேட்ட பிறகுதான் டொக்டர் முகத்தில் நிம்மதி. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளிப்பான் வந்தால் பிறக்கும் பிள்ளைக்கு உயிராபத்து.

முன்பு சொன்ன விதிவிலக்கு அக்கி. கொப்புளிப்பான் வைரஸ் போகாமல் நரம்பு வேரில் ஒளிந்திருந்து, வயதான காலத்தில் அல்லது உடம்பு பலம் குறையும்போது ஒரு நரம்பின் பாதையில் மட்டும் எழும்பி வருவது. உடம்பின் ஒரு பக்கத்தில், பட்டி கட்டிய மாதிரி, நடுக்கோட்டைத் தாண்டாமல் நிற்கும். கொப்புளம் வருவதற்குச் சில நாள் முந்தியே எரிவும் குத்தலும் தொடங்கிவிடுவதால் வாய்வு என்றும் நெஞ்சுவலி என்றும் அலைவார்கள். மாமியாருக்கு வந்தபோது காவி குழைத்து எழுத ஆள் தேடினார்கள். நான் ஒரு ஒப்பந்தம் போட்டேன்: முதலில் ஆஸ்பத்திரி, பிறகு எழுதுவது, அதுவும் கொப்புளத்தின் மேலே இல்லாமல் சுற்றியுள்ள நல்ல தோலில். கொப்புளம் வந்து 72 மணித்தியாலத்துக்குள் அசிக்லோவிர் தொடங்க வேண்டும் என்பதுதான் என் அவசரம். பிந்தினால் கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில் வதைக்கலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண் டொக்டரிடம் அன்றைக்கே போக வேண்டும். அதே நரம்புதான் கண்ணுக்கும் போகிறது.

கை கால் வாய் நோயைப் பிள்ளைக் காம்பராவில் தவிர்க்கவே முடியாது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நீள்வட்டக் கொப்புளம், வாய்க்குள் புண். அன்டிபயோட்டிக் வேண்டாம், ஒரு கிழமை பத்து நாளில் போகும். குடிக்க மறுக்கிற பிள்ளை வரண்டு போகாமல் பார்ப்பதுதான் வேலை. சில வாரம் கழித்து நகம் கழன்று வந்தால் பயப்படாதீர்கள், புதுநகம் முளைக்கும். சின்னமுத்து (மீசில்ஸ்) வேறு: இருமல், சளி, கண் சிவப்பு, கடும் காய்ச்சல் மூன்று நான்கு நாள் இருந்து, பிறகு காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும். 2019இல் இலங்கை அதை ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது, 2023இல் மறுபடி வந்தது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போட வேண்டிய எம்எம்ஆர் ஊசி பிள்ளையின் அட்டையில் பதிவாகி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

காய்ச்சலோடு உள்ளங்கை உள்ளங்கால் வரை புள்ளிகள் பெரியவர்களுக்கு வந்தால், மலையகத்தில் உண்ணி பரப்பும் ரிக்கெட்சியாக் காய்ச்சலும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அதுவும் பக்டீரியாதான், ஆனால் அமொக்சிசிலினுக்கு அடங்காது, டொக்ஸிசைக்கிளினுக்கு அடங்கும். நாய், மாடு, புதர் இவற்றோடு புழங்கினீர்கள் என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள். கண்ணாடிக் கிளாஸை அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் காய்ச்சலோடு வந்தால் அது தோல் வருத்தமே இல்லை, ஓட வேண்டிய நேரம்.

அமொக்சிசிலின் என்றதும் ஞாபகம். டவுன் பார்மசியில் "புண்ணுக்கு அமொக்சி ஒரு கார்ட் குடுங்க" என்று கேட்கிறவர்களை வாரச் சந்தை நாளில் பார்க்கலாம். சிலர் கெப்சூலைப் பிரித்துத் தூளைப் புண்ணிலேயே தூவுவார்கள். தோல் புண்ணில் இருக்கும் ஸ்டெஃபிலோகொக்கஸ் பெரும்பாலும் அமொக்சிசிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் குளொக்சசிலின் வகையைக் கொடுக்கிறார்கள். தூவிய தூள் புண்ணோடு சேர்ந்து கெட்டியாகி, அடியில் சீழ் நிற்கும். ஒவ்வாமையும் வரலாம். இதைவிட மோசம், எல்லா அரிப்புக்கும் பூசும் ஸ்டெரொய்ட் கிறீம். இரண்டு நாளில் சிவப்பு மறையும், வாங்கியவர் சந்தோஷப்படுவார். அடியில் பூஞ்சையோ பக்டீரியாவோ சிரங்கோ உடம்பின் காவல் தளர்ந்த சந்தோஷத்தில் பரவும். டொக்டர் பார்த்துக் கொடுத்தால் அது நல்ல மருந்து. பக்கத்து வீட்டு டியூப் உங்களுக்கானது அல்ல.

கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம், ஒரு நாளைக்குப் பல தடவை. பிதுக்கக் கூடாது, அதிலும் மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் கையே வைக்கக் கூடாது. பழுத்து மெதுவானால் டொக்டர் கீறி விடுவார். சீழ் உள்ளே நிற்கும்வரை மாத்திரை மட்டும் போதாது. கட்டி அடிக்கடி வந்தால் சீனியைச் சோதியுங்கள். பாலுண்ணியும் மருவும் வைரஸால் வருபவை, பிள்ளைகளுக்கு மாதங்கள், சில நேரம் ஒன்றிரண்டு வருஷம் இருந்துவிட்டுத் தானாகப் போகும். நூல் கட்டி அறுப்பதும் ஊதுவத்தியால் சுடுவதும் பக்டீரியாவுக்கு வாசல் திறப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

டொக்டரிடம் போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது, எந்த இடத்தில் தொடங்கியது, முதலில் வலியா அரிப்பா, வீட்டில் வேறு யாருக்கு, இதுவரை என்ன பூசியது, என்ன விழுங்கியது. சிங்களம் தெரியாமல் தடுமாறுகிற இடத்தில் அந்தக் காகிதத்தை யாராவது வாசித்துச் சொல்வார்கள். போனில் தினம் ஒரு படம், பகல் வெளிச்சத்தில் எடுத்தது, இருந்தால் அதற்கு மொழியே வேண்டாம். பூசிய மஞ்சளையும் காவியையும் கழுவிவிட்டுப் போங்கள், தோல் தெரிய வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் அதைச் சிவப்புப் பேனையால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே எழுதினால் அவசரத்தில் யாரும் பக்கத்தைப் புரட்டுவதில்லை.